ஈயின் கால் மூட்டை

சென்ற மாதம் இந்தப் பகுதியில் தேனைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தேனுக்கும் மேலான வஸ்து ஒன்று உண்டென்றும், தேனீ மகரந்தம் என்பது அதன் பெயரென்றும், அதை உண்டால் தேகத்துக்கு வராத பலமெல்லாம் வந்துவிடும் என்றும் யாரோ அவரிடம் சொன்னார்களாம். நல்ல விலை கொடுத்து ஒரு புட்டி வாங்கினாராம். கடுகைக் காட்டிலும் சற்றே பெரிய, மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த உருண்டைகள். பார்க்க வெகு அழகாக இருந்தனவாம். சமையலறை அலமாரியில் வைத்து இருபது நாள் கழித்துத் திறந்தபோது, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புளித்த வாடையுடன் மேலே பூஞ்சணம் பூத்திருந்ததாம். "இதை எப்படி எடுக்கிறார்கள், எப்படி உண்பது, எப்படிக் காப்பது, முதலில் இது நாம் உண்ணத் தக்கதுதானா? தயவு செய்து எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தென்னந்தோப்பில் ஆறு வருஷங்களாகத் தேனீப் பெட்டிகள் வைத்து வளர்த்து வருகிறேன். அதைவிடப் பெரிய யோக்கியதை ஒன்றும் உண்டு. இந்த மகரந்த விஷயத்தில் இரண்டு பெருந் தவறுகள் செய்தவன் நான். பிறர் தவறுகளைச் சிவப்பு மையால் சுழிப்பதே எங்கள் தொழில். இந்த வாரம் அந்த மையை என் பக்கத்திலேயே கொஞ்சம் சிந்தலாம் என்று உத்தேசித்திருக்கிறேன்.

முதலில் மகரந்தம் என்பது என்ன என்று பார்ப்போம். பூவின் ஆண் பாகத்தில் விளையும் நுண்ணிய தூள் அது. நம் பழைய நூல்கள் அதைத் தாது என்று சொல்லும். ஒரு பூவின் தாது மற்றொரு பூவைச் சேர்ந்தால் காய் உண்டாகிறது. பூவைத் தேடிப் போகும் ஈயின் உடம்பெங்கும் ரோமம். அதில் இந்தத் தூள் அப்பிக்கொள்கிறது. ஈ அதைக் கால்களால் வழித்து, வாயிலிருந்து சிறிது தேனைக் கக்கி நனைத்து, பிசைந்து, பின்னங்கால்களின் வெளிப்புறத்தில் இருக்கும் சிறு குழிவில் அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழிவுக்கு மகரந்தக் கூடை என்று பெயர். காலுக்கு ஒன்றாக இரண்டு மூட்டைகள். சகோதரியின் புட்டியிலிருந்த ஒவ்வோர் உருண்டையும் அப்படி ஓர் ஈ தன் ஒற்றைக் காலில் சுமந்து வந்த மூட்டைதான். இரண்டு மூட்டைகளும் சேர்ந்து சுமார் 15 மில்லிகிராம் நிறை இருக்கும். மாலையில் தோப்பில் நின்று பார்த்தால், வந்து இறங்கும் ஈக்களின் கால்களைக் கொண்டே எந்தப் பூ பூத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சூரியகாந்தியிலிருந்து வந்தால் ஆழ்ந்த செம்மஞ்சள், தென்னம்பாளையிலிருந்து வந்தால் வெளிறிய மஞ்சள்.

கூட்டுக்குள் சென்ற ஈ, மூட்டைகளை ஓர் அறையில் உதறிவிட்டு மறுபடியும் வெளியே பறந்து போய்விடுகிறது. உள்ளே இருக்கும் இளைய ஈக்கள் அந்த மகரந்தத்தைத் தலையால் முட்டி இறுக்கி, தேன் கலந்து, அறை முக்கால்வாசி நிரம்பியதும் மேலே தேனைப் பூசி வைக்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்ய, மகரந்தம் புளித்துப் பதமாகிறது. அதன் பிறகு அது கெடுவதில்லை. மேல்நாட்டார் இதைத் தேனீ ரொட்டி என்கிறார்கள். என் மனைவி இதைக் கேட்டதும், "ரொட்டி என்னங்க ரொட்டி? அதுங்க போடறது ஊறுகாயல்லவா?" என்றாள். அவள் சொன்னதே பொருத்தமான பெயர். உப்பும் எண்ணெயும் செய்யும் வேலையை அங்கே தேனும் புளிப்பும் செய்கின்றன.

இந்த ஊறுகாய் யாருக்காக? இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஈ பறப்பதற்கு வேண்டிய சக்தியைத் தேன் கொடுத்துவிடும். ஆனால் தேனை மட்டும் கொண்டு உடம்பை வளர்க்க முடியாது. புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்துக்கள், தாது உப்புக்கள் எல்லாம் ஈக்கு மகரந்தத்திலிருந்தே கிடைக்க வேண்டும். தாதி ஈக்கள் அதை உண்டு, தம் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து வெண்மையான பால் ஒன்றைச் சுரந்து புழுக்களுக்கு ஊட்டுகின்றன. ராணி ஈக்கும் அதுவே ஆகாரம். ஆகவே மகரந்தம் கூட்டில் குறைந்தால் முதலில் தாதிகளின் பால் வற்றும். பிறகு ராணி முட்டையிடுவது குறையும். அதற்கும் பிறகு தாதிகள் தாம் வளர்த்த இளம் புழுக்களையே தின்னத் தொடங்கும். பஞ்சம் வந்த வீட்டில் நடக்கக் கூடாதது எல்லாம் அங்கேயும் நடக்கும்.

நாம் அந்த மகரந்தத்தை எடுக்கும் உபாயம் வெகு எளிது. கூட்டின் வாசலில் ஒரு பலகையைப் பொருத்துகிறோம். அதில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள துவாரங்கள் வரிசையாக இருக்கும். ஈ நுழையலாம். ஆனால் கால் மூட்டையோடு தாராளமாக நுழைய முடியாது. நெருக்கிக்கொண்டு உள்ளே போகும்போது மூட்டை உரசி உதிர்ந்து, கீழே கம்பி வலையிட்ட ஓர் இழுப்பறையில் விழுகிறது. வலை இருப்பதால் ஈ அதைத் திரும்ப எடுக்க முடியாது. எல்லா மூட்டைகளும் விழுந்துவிடுவதில்லை. சிறிய மூட்டைகள் தப்பி உள்ளே போகும். ஆண் ஈக்கள் பெரிய உடம்புக்காரர்கள். அவர்கள் வெளியேறத் தனி வழி வைக்காவிட்டால் உள்ளேயே அடைபட்டுச் செத்து வாசலை மறிப்பார்கள். இழுப்பறையை அன்றன்று மாலை காலி செய்ய வேண்டும். ஓர் இரவு விட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தாவிட்டால் எறும்புகள் நமக்கு முன்பே அறுவடையை முடித்துவிடும்.

நம் நாட்டு ஈயிடம் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1910-களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் நியூட்டன் பாதிரியார் அமைத்த சிறிய பெட்டியில்தான் இன்றும் தென்னாட்டில் பலர் அந்த ஈயை வளர்க்கிறார்கள். அது உருவில் சிறியது. ஆகவே மேற்சொன்ன துவாரத்தில் மூட்டையோடு எளிதாகப் புகுந்துவிடும். துவாரத்தைச் சுருக்கித் தொந்தரவு செய்தாலோ, மனம் கோணிக் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விடும். மகரந்தம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வளர்ப்பது இத்தாலிய ஈ. 1960-களின் தொடக்கத்தில் காங்க்ரா ஜில்லாவிலுள்ள நக்ரோட்டாவில் வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டு, பிறகு தேசமெங்கும் பரவிய இனம் அது. பொறுமைசாலி. அதன் பொறுமையைத்தான் நான் துர்விநியோகம் செய்தேன்.

என் முதல் தவறு இதுதான். மகரந்தப் பலகையை வாங்கிய வருஷம் எனக்கு ஒரே உற்சாகம். இரண்டு பெட்டிகளில் வைகாசிக் கடைசியில் அதைப் பொருத்தினேன். சுற்று வட்டாரத்தில் மக்காச்சோளமும் சூரியகாந்தியும் பூத்திருந்தன. தென்னையோ மாதம் ஒரு பாளை வெடிக்கும் மரம். பாளைக்குப் பாளை ஆயிரக்கணக்கான ஆண் பூக்கள். வருஷம் முழுவதும் தாது குறைவதில்லை. தினந்தோறும் மாலையில் இழுப்பறையைத் திறந்தால் பொன் துகள் போலக் குவிந்திருக்கும். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் உறவினர்களுக்குச் சொன்னார்கள். உறவினர்கள் ஊரெங்கும் சொன்னார்கள். "ஸார், அடுத்த தடவை எனக்கு அரைக் கிலோ" என்று கேட்காதவர் இல்லை. கேட்பவர் பெருகவே, பலகையைக் கழற்ற மனம் வரவில்லை. ஆனி கழிந்தது. ஆடி பிறந்தது. காற்றும் தூறலும் ஆரம்பித்தன. ஈக்கள் வெளியே போகும் நேரம் குறைந்தது. இழுப்பறையில் விழுவதும் குறைந்தது. நான் அதைப் பார்த்து, "ஈக்கள் சோம்பிவிட்டன" என்று நினைத்தேனே தவிர, "வீட்டில் அடுப்பு எரியவில்லை" என்று நினைக்கவில்லை.

பெட்டிகளைச் சுத்தம் செய்ய எனக்கு உதவி செய்பவள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தகப்பனார் தென்னை மரம் ஏறுகிறவர். வகுப்பில் வாய் திறக்காதவள். பெட்டிகளிடத்தில் மட்டும் அவளுக்குப் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. ஒரு சனிக்கிழமை மூடியைத் திறந்து அடைகளை வெளியே எடுத்தோம். வழக்கமாகப் புழுக்கள் வெண்பாலில் மிதந்து கொண்டிருக்கும் அறைகள் வறண்டு கிடந்தன. பத்து அறைக்கு இரண்டில் புழு இருந்தால் எட்டு காலி. மகரந்தம் சேர்த்து வைக்கும் வட்டத்தில் ஓர் அறையிலும் மகரந்தம் இல்லை. நான் புத்தகத்தில் படித்த நோய்களின் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அடையையும் பார்த்தாள், வாசலில் இருந்த பலகையையும் பார்த்தாள்.

"நோவு இல்லீங்க ஸார். குஞ்சுகளுக்குக் கொண்டு வர்ற சோத்தை வாசல்லயே நாம புடுங்கிக்கறமுங்களே, அப்புறம் உள்ள என்னங்க இருக்கும்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கற்பிக்கும் பாடம் சரித்திரம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ஜனங்கள் பட்டினியால் மடிகையில் தானியம் கப்பலேறிய கதையை ஆவேசத்தோடு சொல்கிறவன் நான். விளைச்சல் இல்லாத காலத்தில் வரி கேட்பவன் கொடியவன் என்று கரும்பலகையில் எழுதாத குறையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தான் இப்போது தோப்பில் நின்று எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

பலகைகளை அன்றே கழற்றினோம். ஒரு பெட்டி மெல்லத் தேறிற்று. மற்றொன்று தேறவில்லை. ஈக்கள் குறைந்து அடைகளைக் காக்க ஆள் இல்லாமற் போகவே, மெழுகுப் பூச்சி புகுந்து நூலாம்படை போலப் பின்னிவிட்டது. ஆவணி பாதியில் அந்தப் பெட்டி காலி.

பிறகு வகுப்பில் அதை ஒரு கணக்காகப் போட்டோம். ஒரு வேலைக்கார ஈயை முட்டையிலிருந்து வளர்த்து ஆளாக்கச் சுமார் 125 மில்லிகிராம் மகரந்தம் வேண்டும். ஒரு தேக்கரண்டி மகரந்தம் ஏறக்குறைய 5 கிராம். அப்படியானால் ஒரு தேக்கரண்டி என்பது முந்நூறு தடவைக்கு மேல் பறந்து சென்று கொண்டு வந்த சுமை. நாற்பது ஈக்களை வளர்க்கும் சோறு. நான் இரண்டு பெட்டிகளிலிருந்து, பெட்டிக்கு நாளொன்றுக்குச் சராசரி 40 கிராம் வீதம், 40 நாள் எடுத்தேன். மொத்தம் 3,200 கிராம். வகுத்துப் பார்த்தால் 25,600 ஈக்கள். அந்த மாணவி விடையை எழுதிவிட்டு, "ஒரு பொட்டி ஈ, ஸார்" என்றாள். உண்மைதான். ஒரு பெட்டியில் குடியிருக்கும் குடும்பத்தின் அளவு கிட்டத்தட்ட அவ்வளவே. நாங்கள் இழந்ததும் ஒரு பெட்டிதான்.

இதனால் மகரந்தமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நல்ல இத்தாலியக் குடும்பம் வருஷத்தில் 20 கிலோவுக்குக் குறையாமல் மகரந்தம் சேகரிக்கும். பூக்கள் மலிந்த காலத்தில் வாசலில் கொஞ்சம் பறிபோனால், ஈக்கள் அதை உணர்ந்து மகரந்தம் கொண்டு வரக் கூடுதலான பேரை அனுப்பி ஈடு செய்துகொள்ளும். ஆறில் ஒரு பங்கு வாங்கிய அரசனைக் குடிகள் வாழ்த்தினார்கள் என்றுதானே நம் நூல்கள் சொல்கின்றன? இப்போது எங்கள் தோப்பில் சில விதிகள் வைத்திருக்கிறோம். பூ மலிந்த காலத்தில் மட்டும் எடுப்பது. வாரத்தில் இரண்டு நாள் பலகையைப் பொருத்தி ஐந்து நாள் கழற்றி வைப்பது. மழைக் காலத்திலும், இளம் குடும்பத்திலும், புது ராணி வந்த பெட்டியிலும் தொடுவதே இல்லை. அடையைத் திறந்து பார்த்துப் புழுக்கள் பாலில் மிதந்தால் ஒழியப் பலகை ஏறாது. பக்கத்து வயலில் பூச்சி மருந்து அடித்தாலும் பலகை ஏறாது. அந்த நஞ்சு நேரே நம் கரண்டிக்கு வந்து சேரும்.

இனி உண்பதைப் பற்றி. இங்கேதான் என் இரண்டாவது தவறு. எங்கள் பள்ளிக் கணக்காசிரியர் நல்ல மனிதர். எதையும் முழு எண்ணாகவே செய்கிறவர். நான் கொடுத்த புட்டியை ஆசிரியர் அறையில் திறந்து, "ஒரு கரண்டி நல்லது என்றால் இரண்டு கரண்டி இரட்டிப்பு நல்லது" என்று சொல்லி இரண்டு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். பத்து நிமிஷத்துக்குள் அவர் உதடு வீங்கிற்று. உடம்பெங்கும் தடிப்பு. பிறகு குரல் கம்மி, மூச்சு விடத் திணறினார். ஒருவருடைய காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வைத்தியர் உடனே அட்ரினலின் ஊசி போட்டார். பிழைத்தார். வருஷா வருஷம் சோளம் பூக்கும் காலத்தில் அவருக்குத் தும்மலும் இழுப்பும் வருவது வழக்கம் என்று அதன் பிறகுதான் அவருடைய மனைவி சொன்னார். கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. "தேன் கூட்டில் கிடைப்பது, தெய்வத்தின் கொடை, கெடுதல் செய்யுமா?" என்ற அசட்டு நம்பிக்கை எனக்கும் இருந்தது.

ஆகையால் முதல் விதி இது. மகரந்தத்தால் தும்மல், இழுப்பு, தடிப்பு வருகிறவர்களும், தேனீ கொட்டினால் கடுமையாக வீங்குகிறவர்களும் இதைத் தொட வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனைப் போலவே இதையும் கொடுக்கலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் விலகியிருப்பது நலம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. மற்றவர்கள் முதல் நாள் இரண்டே உருண்டைகளை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். தனியாக இருக்கும்போது அல்ல, வீட்டில் நாலு பேர் இருக்கும்போது. ஒன்றும் செய்யவில்லை என்றால் நாளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ருசி எப்படி என்றால், காய்ந்த புல்லின் மணம், மெல்லிய இனிப்பு, கடைசியில் சிறு கசப்பு. மகரந்தத் துகளின் மேலோடு உலகத்திலேயே மிகவும் உறுதியான உயிர்ப் பொருள்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான வருஷங்கள் மண்ணில் புதைந்தும் கரையாதது. நம் குடல் அதைப் பாதிதான் வெல்லும். ஆகவே அப்படியே விழுங்குவதைவிட இரவில் சிறிது தண்ணீரிலோ பாலிலோ தேனிலோ ஊறவைத்துக் காலையில் குழைத்து உண்பது சிலாக்கியம். ஆறிய கஞ்சியில், தயிரில், பிசைந்த வாழைப்பழத்தில் தூவிக்கொள்ளலாம். அடுப்பில் வைக்க வேண்டாம். கொதித்தால் அதிலுள்ள மென்மையான சத்துக்கள் போய்விடும்.

அதில் சத்து எவ்வளவு? பூவுக்குப் பூ மாறும். பொதுவாக எடையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதிக்குக் குறையாமல் மாவும் சர்க்கரையும். சிறிது கொழுப்பு, பி வகை உயிர்ச்சத்துக்கள், மஞ்சள் நிறம் தரும் சத்துக்கள், உப்புக்கள். மெய்தான், நல்ல ஆகாரம். ஆனால் ஒரு தேக்கரண்டியில் புரதம் 1 கிராம்தான். ஒரு கோழி முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் அதே அளவு. குழந்தைக்குப் புஷ்டி வேண்டும் என்று மகரந்தப் புட்டி வாங்க நினைக்கும் தாய்மார்கள், அந்தப் பணத்துக்குக் கடலையும் முட்டையும் பயறும் எத்தனை நாளுக்கு வாங்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். புற்றுநோய் தீரும், இளமை திரும்பும், நீரிழிவு ஓடும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, அதற்கு மனிதர்களிடம் தக்கபடி சோதித்து நிலைநாட்டிய ஆதாரம் இல்லை. உணவு என்று சொல்லி விற்றால் வாங்கலாம். சஞ்சீவி என்று சொல்லி விற்றால் கடையை விட்டு இறங்கிவிடுவதே உத்தமம்.

எந்தப் பூவின் மகரந்தம் என்பதும் முக்கியம். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு முதலிய செடிகளின் இனங்களில் ஈரலைக் கெடுக்கும் ஒரு வகை நஞ்சு உண்டு. ஐரோப்பிய நாடுகளில் விற்கப்படும் மகரந்தத்தில் அந்த நஞ்சு கிலோவுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று சட்டம் செய்திருக்கிறார்கள். பெட்டியைச் சுற்றி என்ன பூத்திருக்கிறது என்று தெரிந்தவரிடம் வாங்குவது நலம் என்பது இதனால்தான்.

மனிதன் மகரந்தம் உண்பது புதிய நாகரிகம் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியல்ல. சிந்து தேசத்திலும், ஈராக்கின் தெற்கே சதுப்பு நிலங்களிலும், நீர்க்கரையில் வளரும் சம்பங்கோரையின் கதிரிலிருந்து மகரந்தத்தைக் கையாலேயே உதிர்த்து, சலித்து, ஆவியில் வேகவைத்து மஞ்சள் நிறப் பண்டம் செய்வது பழைய வழக்கம். காற்றை நம்பித் தாது தூவும் செடியாதலால் அதில் தூள் அபாரமாக விளையும். அங்கே இடையில் ஈ இல்லை. யாருடைய குழந்தையின் சோறும் அல்ல. தேனீ மகரந்தத்தின் கதை வேறு. அது ஏற்கெனவே ஓர் இலைக்குப் பரிமாறிய அன்னம். அதில் கைவைக்கிறவன் அளவறிந்து எடுக்க வேண்டும். அளவறிந்து எடுத்ததைக் கெடாமல் காக்கவும் வேண்டும். எடுத்ததை வீணாக்குவது இரட்டைப் பாவம்.

காக்கும் விஷயத்தில் என் குரு என் மனைவியே. கூட்டிலிருந்து விழும் புது மகரந்தத்தில் எடையில் கால் பங்கு வரை ஈரம் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் புளித்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். "வடகம் காயாமல் டப்பாவில் போடுவாங்களா?" என்று கேட்டு, அவளே வழி காட்டினாள். எடுத்த அன்றே மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே மற்றொரு துணி மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் ஆகாது. வெயிலில் நிறமும் போகும், சத்தும் போகும். மழை நாளானால் உலர்த்தும் பெட்டியில் வைக்கலாம். ஆனால் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. இரண்டு உருண்டைகளை விரலிடையில் அழுத்தினால் ஒட்டக் கூடாது. கண்ணாடித் தம்ளரில் போட்டால் கடுகு போலச் சத்தமிட வேண்டும். அப்போது ஈரம் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்குக்கு இறங்கியிருக்கும். பிறகு முறத்தில் இலேசாகப் புடைத்தால் ஈயின் இறகும் காலும் தூசியும் பறந்துவிடும்.

உலர்ந்ததை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடி, இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டைகள் மடியும். வெளியே எடுத்ததும் புட்டி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பிறகு குளிர்ப்பெட்டியிலோ இருட்டான அலமாரியிலோ வைக்கலாம். ஈரக் கரண்டி படலாகாது. ஒரு வருஷத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். உலர்த்த வசதியில்லாதவர்கள் புதிதாகவே உறைபெட்டியில் வைத்து வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம். அல்லது, உலர்ந்த மகரந்தம் ஒரு பங்குக்கு நல்ல தேன் மூன்று பங்கு சேர்த்துக் கிளறி வைக்கலாம். முன்னது வற்றல் முறை, பின்னது ஈக்கள் நமக்குக் காட்டிய ஊறுகாய் முறைக்குத் தம்பி.

திருநெல்வேலிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. தங்கள் புட்டியை இன்றே குப்பையில் கொட்டிவிடுங்கள். பூஞ்சணத்தை மேலாக எடுத்துவிட்டு அடியிலிருப்பதை உண்ணலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பூஞ்சணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் அடிவரை இறங்கியிருக்கும். பணம் போனது வருத்தந்தான். மறுமுறை வாங்கினால் மிகச் சிறிய புட்டியாக, புட்டியைக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்காமலே இருந்தாலும் குறை ஒன்றுமில்லை. வீட்டில் கடலை உருண்டை பிடிக்கத் தெரிந்தவர்தானே தாங்கள்?

எங்கள் தோப்பில் இப்போது மூன்று பெட்டிகள். மகரந்தப் பலகைகள் பள்ளிக்கூடப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் பூட்டியிருக்கின்றன. சாவி என்னிடம் இல்லை, அந்த மாணவியிடம் இருக்கிறது. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. போன பங்குனியில் போய்க் கேட்டேன். அடைகளைப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு நாளைக்குப் போட்டுக்கலாமுங்க ஸார்" என்று அனுமதி கொடுத்தாள். கணக்காசிரியர் இன்னமும் புட்டியைக் கண்டால் அறையின் மறு கோடிக்குப் போய்விடுகிறார்.